கே.எச். (நீரின் காரத்தன்மை) தீர்ந்த தொட்டி: மும்பை செம்பூரில் மலாவி சிக்லிட்கள் இறந்த நிகழ்வின் ஆய்வு

சென்னையில் ஆறு ஆண்டுகள் சிக்கலின்றி நடந்த ஒரு வளர்ப்பு முறை மும்பைக்கு வந்த ஒன்பதாம் மாதத்தில் எப்படிச் சரிந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இருபத்தாறு மீன்களில் பதினொன்று இறந்தன. அந்த இறப்புகளுக்கு நேர்க் காரணம் நான் சொன்ன ஒரு யோசனைதான். உரிமையாளர் குடும்பத்தின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

பின்னணி

உரிமையாளர் நாற்பது வயதை ஒட்டியவர். பணி மாறுதலால் மனைவி, மகள், தாயார் ஆகியோருடன் செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்குக் குடிவந்தார். சென்னையில் அவருடைய வீடு வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்ற கொளத்தூருக்கு அருகில் இருந்தது. அங்கே நான்கு அடித் தொட்டியொன்றில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் என்னும் வண்ணமீன்களை ஆறு ஆண்டுகள் வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்தும் பழக்கப்பட்டவர். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுவது, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவது, தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே போடுவது ஆகிய மூன்றையும் அவர் ஒழுங்காகச் செய்துவந்தார். ஆகவே கவனக்குறைவான ஒருவரின் தொட்டியில் நேர்ந்த விபத்தாக இதை யாரும் படிக்கக் கூடாது.

நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே வசிக்கிறேன். ஒரு கோமாளி மீன் இணையும் வேறு சில சிறு மீன்களும் உள்ள கடல்நீர்த் தொட்டியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நன்னீர்ச் சிக்லிட் வளர்த்ததில்லை. இந்தப் பழக்கமின்மை பின்னால் நடந்தவற்றில் ஒரு பங்கு வகித்தது.

தொட்டி அமைப்பு

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி அது. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 255 லிட்டர். கற்களும் மணலும் போக, விளிம்பில் விட்ட இடைவெளியும் போக, உள்ளே நின்ற தண்ணீர் 210 லிட்டர். மேலே ஒரு டாப் ஃபில்டரும், மூலையில் காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருந்தன. அடியில் கழுவிய ஆற்று மணல். அதன் மேல் பாறை அடுக்காகக் கருங்கற்கள். இரண்டுமே தண்ணீரில் எதையும் கரையவிடாத பொருள்கள்.

மீன்களைக் குர்லாவில் உள்ள வண்ணமீன் கடைகளில், மூன்று சென்டிமீட்டர் குஞ்சுகளாக வாங்கினார். எலக்ட்ரிக் எல்லோ பத்து, ரெட் ஸீப்ரா எட்டு, டெமாசோனி எட்டு. பாறை இடுக்குகளில் வாழும் இவ்வகை மீன்களை ஏரிக்கரை மக்கள் எம்புனா என்பர். ஒரே மீன் அடிபட்டுச் சாகாமல் துரத்தல் பல மீன்கள்மேல் பரவட்டும் என்பதற்காக இவற்றைச் சற்று நெருக்கமாகவே வளர்ப்பது வழக்கம். அந்த வகையில் எண்ணிக்கை மிகை என்று சொல்வதற்கில்லை. வடிகட்டியை ஐந்து வாரம் ஓடவிட்டு, மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமானதைப் பார்த்த பிறகே மீன்களை விட்டார்.

முதல் எட்டு மாதங்கள்

தொடக்கத்தில் குழாய்த் தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவைச் சோதித்தார். 7.5 இருந்தது. சென்னை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் 7.6 அளவில் இருந்ததாக அவர் நினைவில் இருந்ததால், இரண்டும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்து, மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சோதிப்பதை நிறுத்திவிட்டார். மீன்கள் நன்றாக வளர்ந்தன. ஆறாம் மாதத்தில் பெரும்பாலானவை ஏழு சென்டிமீட்டரை எட்டின. தீனியும் அதற்கேற்ப ஐந்து மடங்குக்கு உயர்ந்தது. தண்ணீர் மாற்றும் அளவு மட்டும் அதே கால்பங்காக நின்றது. இடையில் சொசைட்டியில் தண்ணீர் விடும் நேரம் குறைக்கப்பட்டதால், சில வாரங்களில் மாற்றவும் முடியாமல் போனது.

காணப்பட்ட அறிகுறிகள்

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், மீன்கள் ஒன்றையொன்று துரத்துவது குறைந்தது. எம்புனா தொட்டியில் துரத்தல் ஓயாது என்பது வளர்ப்பவர் அனைவருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் அதை ஒரு நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். “இப்பல்லாம் சண்டையே போடறதில்ல, சமத்தா இருக்கு” என்று உரிமையாளரின் தாயார் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னது நினைவிருக்கிறது. அது மீன்கள் சோர்ந்துபோனதால் வந்த அமைதி.

அடுத்த இரண்டு வாரங்களில் எலக்ட்ரிக் எல்லோக்களின் மஞ்சள் வெளிறியது. ரெட் ஸீப்ராவின் பெரிய ஆண் மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டிவைத்தபடி மூலையில் நின்றது. தீனிக்கு வருவதில் தயக்கம். ஆனால் தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது, வாடையும் இல்லை. இன்னோர் அறிகுறியைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டோம். மணலில் வாழ்ந்த சிறு நத்தைகளின் ஓடுகள் நுனியில் வெள்ளை பூத்து, அரித்துப்போய் இருந்தன. தண்ணீர் அமிலமாகி, அதில் சுண்ணாம்புச் சத்து அற்றுப்போகும்போது ஓடு கரையும். உரிமையாளரின் மகள் இதை முதலில் கவனித்து, “நத்தைக்கு வயசாயிடுச்சா?” என்று கேட்டிருக்கிறாள். பெரியவர்கள் யாரும் அந்தக் கேள்வியைப் பின்தொடரவில்லை.

அன்று மாலை எடுத்த முடிவு

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மாலை உரிமையாளர் என்னை அழைத்தார். நான் என் கடல்நீர்த் தொட்டிக்காக வைத்திருக்கும் சோதனைப் பெட்டியை எடுத்துச் சென்றேன். பி.எச். அட்டையின் அடி நிறமான 6.0 காட்டியது. பிறகு கே.எச். சோதித்தேன். தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கிக்கொள்ளக் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவை, இந்தச் சோதனை காட்டும். நிறம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாற எத்தனை சொட்டு தேவையோ அத்தனை அலகு. என் தொட்டியில் எட்டாம் சொட்டில் மாறும். இந்தத் தொட்டியில் முதல் சொட்டிலேயே மஞ்சளானது. குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது மூன்றாம் சொட்டில் மாறியது.

நோயறிதல் சரியாகவே இருந்தது. மலாவி ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை, அதன் கே.எச். ஆறு, ஏழு அலகுகள். கடல்நீரின் காரத்தன்மையும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், அந்த எண் எனக்குப் பழகிய எண்ணாக இருந்தது. மீன்கள் தமக்கு ஒவ்வாத அமிலத் தண்ணீரில் வாடுகின்றன, உடனே சரிசெய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். “இன்னிக்கே பண்ணிடலாமா சார்?” என்று அவர் கேட்டார். பண்ணலாம் என்றேன். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரை மாற்றி, ஐந்து தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து அரைமணி நேரத்தில் தொட்டியில் ஊற்றினோம். ஏழரை மணிக்குப் பி.எச். 8.0, கே.எச். ஆறு. எண்கள் ஏரியின் எண்களாகிவிட்டன.

அம்மோனியாவை நான் சோதிக்கவில்லை. எட்டு மாதம் ஓடிய வடிகட்டி, தெளிந்த தண்ணீர், வாடையின்மை ஆகியவற்றை வைத்து, அதற்குத் தேவையில்லை என்று கருதினேன். சோடா போடுவதற்கு முன் எடுத்த தண்ணீரை ஒரு சிறு புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பின்னால் உண்மையைக் காட்டியது அந்தப் புட்டிதான்.

இரவும் மறுநாளும்

பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறுவதாகவும், சில பக்கவாட்டில் சாய்வதாகவும் சொன்னார். பி.எச். மாற்றத்தின் அதிர்ச்சி, காலைக்குள் தெளிந்துவிடும், காற்று மோட்டாரை மட்டும் அதிகப்படுத்துங்கள் என்று பதில் சொன்னேன். அன்று நான் செய்த இரண்டாவது தவறு இது. அப்போதே மாடியேறிச் சென்று சோதித்திருந்தால் சில மீன்களாவது பிழைத்திருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆறு மீன்கள் இறந்திருந்தன. அதன்பிறகே அம்மோனியா சோதித்தேன். முந்தைய நாள் புட்டியில் இருந்த தண்ணீர் அட்டையின் கடைசி நிறமான 8 பி.பி.எம். (லிட்டருக்கு 8 மில்லிகிராம்) காட்டியது. தொட்டித் தண்ணீர் 4க்கும் 8க்கும் நடுவில் நின்றது.

ஏன் இப்படி நேர்ந்தது

வடிகட்டியில் உள்ள பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. அதை நடுநிலைப்படுத்தவே காரத்தன்மை செலவாகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7.14 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை தீர்கிறது. இந்தத் தொட்டியில் மீன்கள் வளர்ந்த பிறகு போடப்பட்ட தீனியைக் கொண்டு கணக்கிட்டேன்; வாரத்துக்கு இரண்டு அலகு கே.எச். செலவாகியிருக்கிறது. வாரம் கால்பங்கு மாற்றிய தண்ணீரின் கே.எச். மூன்று என்றால், அதிகம் போனால் முக்கால் அலகுதான் திரும்பி வரும். குஞ்சுகளாக இருந்தபோது செலவு வாரம் அரை அலகுக்கும் குறைவு. ஆகவே வரவும் செலவும் ஒத்துப்போயின. வளர வளர இருப்பு கரைந்தது.

மும்பைக்குத் தண்ணீர் தரும் பாட்சா, தான்சா, வைதர்ணா போன்ற நீர்த்தேக்கங்கள் எல்லாம் மழைநீரைத் தேக்குபவை. அத்தண்ணீர் மென்மையானது, சமைக்கவும் துவைக்கவும் அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. சென்னையின் ஆழ்துளைத் தண்ணீரோ கெட்டிலில் வெள்ளைப் படிவை ஏற்றும் கடினநீர். உரிமையாளரின் மைத்துனர் பிற்பாடு ரயிலில் வந்தபோது பழைய வீட்டுத் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தார், அதன் கே.எச். பதினான்கு. அந்தத் தண்ணீரில் வாரம் கால்பங்கு மாற்றினால், இதே மீன்கள் இதே தீனியைத் தின்றாலும் கே.எச். ஆறுக்கு அருகில் நிற்கும். ஆறு ஆண்டுகள் அவரைக் காப்பாற்றியது வழக்கமும் உழைப்பும் மட்டுமல்ல, அந்தக் கிணறும்தான்.

இரண்டு ஊர்த் தண்ணீரும் பி.எச். சோதனையில் ஒன்றுபோலவே தெரிந்தன. இன்று அடுப்பில் உலை கொதிக்கிறது என்பதைப் பி.எச். சொல்லும், அரிசிப் பானையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதைக் கே.எச். மட்டுமே சொல்லும்.

கே.எச். தீர்ந்து பி.எச். 6.5க்குக் கீழே இறங்கியதும் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகி, ஆறை நெருங்கும்போது ஏறத்தாழ நின்றுவிடும். எனவே அம்மோனியா சேரத் தொடங்கியது. ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற, செவுளை அவ்வளவாகத் தாக்காத வடிவில் இருக்கும். 28 பாகை வெப்பத்தில் பி.எச். 6.0 என்றால் மொத்தத்தில் 0.07 விழுக்காடுதான் நச்சு வடிவம், பி.எச். 8.0 என்றால் அது 6.5 விழுக்காடு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு லிட்டருக்கு 0.006 மில்லிகிராமாக இருந்த நச்சு அம்மோனியா, ஏழரை மணிக்கு 0.35 மில்லிகிராமைத் தாண்டியது. மொத்த அம்மோனியாவைக் குறைத்திருந்தும், நச்சை அறுபது மடங்காக்கினோம். மீன்களை வாட்டிய அமிலமே அவற்றை உயிரோடும் வைத்திருந்தது. அந்த அமிலத்தை நான் ஒரே மாலையில் நீக்கிவிட்டேன்.

மீட்பு

திங்கள் காலை எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. அமிலம் சேர்த்துப் பி.எச்.ஐ மறுபடியும் இறக்குவது ஒன்று. உயிர்பிழைத்த மீன்களுக்கு ஒரே நாளில் இரண்டாவது அதிர்ச்சி தருவதாகும் என்பதாலும், வடிகட்டி மீண்டும் உறங்கிவிடும் என்பதாலும் அதை ஒதுக்கினோம். சோடா கலக்காத குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி, காலையில் பாதியும் மாலையில் பாதியும் மாற்றுவது மற்றது. பக்கத்து வீட்டார் இருவர் தங்கள் பரண் தொட்டியிலிருந்து தண்ணீர் தந்திராவிட்டால் அன்று இது நடந்திருக்காது. இரவுக்குள் மொத்த அம்மோனியா 1க்கும் 2க்கும் இடையில் வந்தது, பி.எச். 7.6. அதற்குள் மேலும் நான்கு மீன்கள் இறந்தன. ஐந்தாம் நாள் ஒன்று.

என் தொட்டியின் பாறைகள் முழுவதும் பாக்டீரியா இருந்தும் அவை உதவவில்லை. கடல்நீரில் பழகியவை நன்னீரில் உடனே வேலை செய்யா. மாட்டுங்காவில் நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஈரம் காயாமல் கொடுத்தனுப்பினார். தீனியை நான்கு நாள் நிறுத்தினோம். தினமும் சோதித்தோம். அம்மோனியா ஒன்பதாம் நாள் சுழியமானது. நடுவில் நைட்ரைட் 2 வரை ஏறியதால், குளோரைடு அது செவுள் வழியே புகுவதைத் தடுக்கும் என்பதற்காக, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 210 கிராம் கல்லுப்பு சேர்த்தோம். பத்தொன்பதாம் நாள் நைட்ரைட்டும் சுழியம்.

அதன்பிறகே கே.எச்.ஐ உயர்த்தத் தொடங்கினோம். இரண்டு நாளுக்கு ஓர் அலகுக்கு மேல் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் அம்மோனியா சோதனை. இப்போது பின்பற்றும் முறை எளிது. வாரம் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் மாற்றும்போது, இருபது லிட்டர் வாளிக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 2.4 கிராம் ஆப்பசோடா முன்கூட்டியே கரைக்கப்படுகிறது. மூன்று அலகுத் தண்ணீர் ஏழு அலகாகிறது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது. அதில் அமிலப் பொருளும் சேர்ந்திருக்கும்.

டாப் ஃபில்டரில் ஒரு கிலோ கிளிஞ்சல் துண்டுகளை வலைப்பையில் கட்டி வைத்தோம். கோழித் தீவனத்துக்காக விற்கப்படும் கிளிஞ்சல்தான். பி.எச். இறங்கும்போது அது கரைந்து தாங்கும்; மேலே இருக்கும்போது பெரும்பாலும் சும்மா கிடக்கும். பவளத் துண்டுகளைப் போடலாமே என்று உரிமையாளர் கேட்டார். பாறைப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும்போது கடற்கரையில் பொறுக்கிய பவளத்தை யாரும் தொட்டிக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின்

பதினைந்து மீன்கள் உள்ளன. கே.எச். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலும், பி.எச். 7.8லும் நிற்கின்றன. துரத்தல் திரும்பிவிட்டது. ஜூனில் ஒரு ரெட் ஸீப்ரா பெண் மீன் வாயில் முட்டைகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தீனியைத் தொடாமல் இருந்து, ஒன்பது குஞ்சுகளை விட்டது. புதிய நத்தை ஓடுகள் முழுமையாக வளர்கின்றன. இறந்தவற்றுக்கு ஈடாக மீன் வாங்குவதில்லை என்று குடும்பத்தார் முடிவு செய்திருக்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வாடிய மீன்களும் தாழ்ந்த பி.எச்.உம் உள்ள பழைய தொட்டியொன்றை இன்று என்னிடம் காட்டினால், சோடாவைத் தொடும் முன் அம்மோனியாவைச் சோதிப்பேன். அது கால் பி.பி.எம்.க்கு மேல் இருந்தால், பி.எச்.ஐ இருக்கும் இடத்திலேயே விட்டு, தீனியை நிறுத்தி, நாளுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தண்ணீரை மாற்றி, ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றைத் தேடுவேன். மீன்கள் ஏற்கெனவே வாரக்கணக்கில் அந்த அமிலத்தில் இருந்தவை. இன்னும் பத்து நாள் இருக்கும். அவசரம் எனக்குத்தான் இருந்தது.

கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் கே.எச். சோதனையை வாராவாரம் செய்கிறோம். நன்னீர் வளர்ப்பவர்களில் பலர் அந்தப் புட்டியைக் கண்டதே இல்லை. இதில் எங்களுக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கும் உப்புப் பொட்டலத்திலேயே தேவையான காரத்தன்மை அளந்து போடப்பட்டு வருகிறது. நன்னீர் வளர்ப்பவருக்கு அதை அந்தந்த ஊர்க் குழாய்தான் தர வேண்டும். ஊர் மாறுபவர்கள், மீன் வாங்கும் முன்பே புதிய வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கே.எச்.ஐச் சோதிப்பதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன்பிறகு, மீன் வளர்ந்து தீனி கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் தொட்டியின் கே.எச்.ஐ மறுபடியும் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டில் இப்போது சோதனையை மகள்தான் செய்கிறாள். ஞாயிறுதோறும் குழாய்த் தண்ணீருக்கு ஓர் எண், தொட்டித் தண்ணீருக்கு ஓர் எண் என்று நாட்காட்டியில் குறிக்கிறாள். ஜூலையில் மழை வலுத்த வாரம், குழாய்த் தண்ணீர் மூன்றாம் சொட்டுக்குப் பதிலாக இரண்டாம் சொட்டிலேயே மஞ்சளானதை அவள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வாளிக்கு 2.4 கிராம் சோடா 3 கிராமாக உயர்த்தப்பட்டிருக்கிறது.